சமையல் மேடைக்கு எண்ணெய்க் குளியல்

மரத்துக்கு எண்ணெய் போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, இன்ஸ்பெக்டர். பொறுமை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் பொறுமையைப் புழங்கியது நான் ஒருவன்தான். வேறு யாரும் தொடாததால் அது எப்போதும் கையிருப்பில் இருந்தது.

எனக்கு டீ வேண்டாம், நீங்கள் குடியுங்கள். நான் தமிழிலேயே சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே கவுண்டரில் இருந்த தம்பியிடம், "மச்சானக் கொன்னுட்டேன், யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, என் முகம் அப்படி. என் பெயர் சுகுமாறன். இங்கே கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு நான் 'ஜோக் அங்கிள்'. இறந்தவன் கமலநாதன், என் மனைவி லோகேஸ்வரியின் தம்பி. போன மாதம் எங்கள் வீட்டு ஸ்டோர் அறை எரிந்ததே, அதில் போனவன். சிகரெட்டை அணைக்காமல் தூங்கிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அது சிகரெட் இல்லை.

ஆனால் நான் மேடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைக் கோபக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டிங் பகுதிக்கு, முன்பு நான் சூப்பர்வைசர். ரப்பர் மரத்தை அறுத்து, பட்டைகளாக ஒட்டி, சமையல் மேடைக்கான பலகைகள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புவோம். என் அப்பா அந்த மரத்தில் பால் எடுத்தார். நான் அதே மரத்தைத் தேய்த்தேன். எங்கள் குடும்பமும் அந்த மரமும் ஒன்றையொன்று விட்டதே இல்லை. யார் யாரைத் தேய்த்தது என்பதுதான் இன்றுவரை தெளிவாகவில்லை.

நாங்கள் தேய்த்து அனுப்பிய பலகையின் மேல் எங்கோ ஒரு ஊரில் யாரோ ரொட்டி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டில் ஃபார்மைக்கா ஒட்டிய மேடை, ஓரம் உரிந்து, உள்ளே எறும்புக்கூடு. தொழிற்சாலை மூடப்போகிற சமயத்தில் ஒரு பலகை நடுவில் கருப்புக் கணுவோடு வந்தது. தரம் பார்க்கிறவர்கள் அதன்மேல் சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று குத்தினார்கள். வெட்டி அடுப்பில் போட வேண்டியது. நான் மேனேஜரிடம் கேட்டு வாங்கி, லோரியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வாரம் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே தொழிற்சாலை, இரண்டு ரிஜெக்ட். எனக்கு முத்திரை குத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பலகையை நானே பொருத்தினேன். சின்க் பக்கத்தில் தொடங்கி அடுப்பு வரை ஒரே நீளம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு எண்ணெய்க் குளியல். லோகா அப்படித்தான் சொல்வாள். "என்னைக்காச்சும் என் தலைக்கு ஒரு சொட்டு வச்சிருக்கீங்களா? மரத்துக்கு மட்டும் தீவாளி வந்துருது." முதலில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பேன். தூசியைத் துடைத்துவிட்டு, வெயிலில் வைத்த லின்சீட் எண்ணெயில், அதாவது ஆளிவிதை எண்ணெயில், துணியை நனைத்து, ரேகை போகிற திசையிலேயே இழுப்பேன். குறுக்கே இழுக்கக் கூடாது. பிறகு உட்கார்ந்து ஒரு கோப்பி. மரம் குடித்தது போக மிச்சத்தை வேறு துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு மேடை பிசுபிசுவென்று கையோடு வரும்.

கடைசி வேலை துணி. இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். லின்சீட் எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதுபோல் அல்ல. அது காற்றைக் குடித்துக் காய்கிறது, காயும்போது சூடாகிறது. துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி ஒரு மூலையில் அமுக்கி வைத்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். யாரும் நெருப்பு வைக்க வேண்டாம், காலையில் வைத்தது சாயங்காலத்துக்குள் தானாகவே பற்றிக்கொள்ளும். தொழிற்சாலையில் அந்தத் துணிகளுக்கென்றே தண்ணீர் ஊற்றிய இரும்பு டிரம் இருந்தது. வீட்டில் நான் ஒவ்வொன்றாக விரித்துக் கொடியில் போடுவேன். அப்பளம்போல் விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போகும்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் துணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கமலநாதன் மூன்று தீபாவளிக்கு முன்னால் வந்தான். காஜாங்கில் நண்பர்களோடு நடத்திய கார் கழுவும் கடையை மூடிவிட்டு, "ரெண்டே வாரம், மாமா" என்று ஒரு பையோடு வந்து நின்றான். அம்மா இல்லாமல் அக்கா வளர்த்த பிள்ளை. அவன் தட்டில் சோறு போடும்போது லோகாவின் கை தனியாக ஒரு கரண்டி கூடப் போகும். நான் தப்பாகச் சொல்லவில்லை. என் தட்டில் குறைந்தது என்றும் சொல்லவில்லை. சமையலறைக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தோம். அதற்கு இரண்டு கதவு. ஒன்று சமையலறைப் பக்கம், மற்றது பின்சந்துப் பக்கம், அதற்கு வெளியே இரும்பு க்ரில். மேருவில் வேறொரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலைக்குச் சேர்ந்தான். விடிந்து வருவான், கையில் சூடாக ஏதாவது இருக்கும். பகல் முழுக்கத் தூங்குவான்.

எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதுதான் சிக்கல். பிடிக்காதவனை எப்போதோ வெளியே அனுப்பியிருப்பேன்.

ஒருதடவை லோகாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவனுக்கு ஒரு வாடகை அறை பார்க்கலாமா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தாமரை கல்யாணத்துக்கு மாமன் மாலை யாரு போடுவா? நீங்களா?" என்றாள். தாமரை எங்கள் ஒரே மகள். மாப்பிள்ளை முடிவாகி, நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஜாதகம் சரியில்லை என்றால் வேறு மாப்பிள்ளை பார்க்கலாம், மண்டபம் கிடைக்காவிட்டால் வேறு மண்டபம் பார்க்கலாம். தாய்மாமனுக்கு மாற்று ஆள் எந்தக் கடையிலும் இல்லை. அப்பன் செலவு செய்ய வேண்டும், தாய்மாமன் மாலையோடு மேடை ஏற வேண்டும். நான் சிரித்துக்கொண்டே, "அப்போ மாலைய மட்டும் இங்க விட்டுட்டுப் போகச் சொல்லு" என்றேன். லோகாவும் சிரித்தாள். பேச்சு முடிந்தது. என் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

நான் யாரிடமும் எதையும் ஒரு தடவைதான் சொல்வேன், இன்ஸ்பெக்டர். இரண்டாம் தடவை சொன்னால் கேட்பவர் மனசு புண்படும். எனக்கு இளகிய மனசு. அவன் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

"மச்சான், சூடா எதையும் மரத்து மேல வைக்காத. இந்தா, கீழ போட கட்டை இருக்கு."

"ஓகே லா மாமா. பாஸ் சொன்னா சரிதான்."

துணிகளைப் பற்றியும் அவனே ஒருநாள் கேட்டான். கொடியில் அவன் யூனிஃபார்முக்கு இடமில்லாமல் என் பழந்துணிகள் தொங்கின. நான் விளக்கினேன். விரித்துப் போட்டால் சாது, அமுக்கி வைத்தால் தானே பற்றிக்கொள்ளும் என்றேன். "மனுசன் கோவம் மாதிரின்னு சொல்லுங்க" என்று சிரித்தான். "அப்ப நம்ம வீட்டுக்குப் பயமே இல்ல. மாமாவுக்குத்தான் கோவமே வராதே!"

அதற்குப் பிறகு பலகையில் என்னென்ன வந்தன என்று வரிசையாகச் சொல்ல மாட்டேன். மீனுக்கு மஞ்சள் தடவிய கையை ஊன்றி ஐந்து விரலும் பதிந்த ஒரு மஞ்சள் கை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நண்டை மரத்தின் மேலேயே வைத்துக் கத்தியால் போட்டுடைப்பான். பா குட் தே சூப் வாங்கி வந்தால் கொதிக்கிற பையை அப்படியே இறக்குவான். யாராவது வீட்டுக்கு வந்தால், "பாத்து லா, மாமாவோட சின்ன வீடு. அக்காவே தொட மாட்டா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விருந்தாளிகள் போன பிறகு நான் தேய்ப்பேன்.

நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு. சொந்தக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தார்கள். நண்டுக் கறி அவன் கைவேலை, அதில் குறை சொல்ல முடியாது. அடுப்பிலிருந்து இரும்புக் குவாலியைத் தூக்கினான். கட்டை கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், இன்ஸ்பெக்டர். பார்த்துவிட்டு, குவாலியை நேராகப் பலகைமேல் வைத்தான். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. மரம் எரிகிற வாசனை இனிப்பாக இருக்கும், தெரியுமா?

நான் கத்தினேன். பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. "எடுடா அத! எடுடா! இந்த வீட்டுல என்னுதுன்னு இருக்கறது இந்த ஒரு பலகைதான்டா!" என்று கத்தினேன்.

பிறகு அவன் கைதட்டினான். "அலாமாக், மாமா நடிப்பு டாப் லா!"

அறை முழுக்கச் சிரித்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாமரை கைப்பேசியில் எடுத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் என் முகம், வாய் பிளந்து, கண் பிதுங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக வந்துவிட்டது. செய்தது கமலநாதன். காலை வணக்கத்துக்கு என் முகம். கறிவேப்பிலை தீர்ந்துபோனதற்கு என் முகம். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் லோகாவின் ஒன்றுவிட்ட தங்கை, மழை பெய்கிறது என்று சொல்ல என் முகத்தைப் போட்டாள். நான்கூட ஒரு தடவை போட்டேன். போடாவிட்டால் கோபம் என்று நினைத்துவிடுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை. மறுநாள் நிச்சயம். காலையில் பாசாருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலிலேயே எண்ணெய் வாசனை. வேலையிலிருந்து வந்தவன் தூங்கப் போகாமல், என் தாளை எடுத்து, என் எண்ணெயை எடுத்து, பலகை முழுவதையும் தேய்த்து வைத்திருந்தான். குவாலி வட்டம் அநேகமாகப் போய்விட்டது. அந்த மஞ்சள் கைகூடப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர், அவன் நன்றாகத்தான் செய்திருந்தான். ரேகை போகிற திசையிலேயே இழுத்திருந்தான். மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் போல.

"சாரி லா மாமா," என்றான். கண் சிவந்து, முழங்கை வரை எண்ணெய். "அன்னைக்கு நான் ஓவரா போயிட்டேன். நீங்க நெசமாவே கோவப்பட்டீங்கன்னு டியூட்டில உக்காந்திருக்கறப்பதான் உறைச்சிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

நான் அவன் தோளைத் தட்டி, "போய்க் குளிச்சிட்டுத் தூங்கு மச்சான், நாளைக்கு மாமன் வேஷம் போடணும்" என்றேன். சிரித்தான். குளித்தான். போய்ப் படுத்தான்.

மன்னிப்புக் கேட்டவன்மேல் கோபப்பட முடியாது. அது நியாயமில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் அதுவரை என்னுடையது என்று இரண்டு பொருள் இருந்தன. ஒன்று பலகை, இன்னொன்று கோபம். ஒரே காலையில் அவன் இரண்டையும் தொட்டுவிட்டான்.

எண்ணெய் டின்னை எடுத்து வைக்க ஸ்டோர் அறைக்குப் போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தையின் கால்மாட்டில் பழைய பேப்பர் போடும் அட்டைப்பெட்டி. அதற்குள் அந்தத் துணிகள். எல்லாவற்றையும் உருட்டி, பந்தாக்கி, பேப்பருக்கு நடுவில் திணித்திருந்தான். தேய்க்கக் கற்றுக்கொண்டவன் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. நான்தான் ஒரு தடவை சொல்லியிருந்தேனே.

பந்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் இளஞ்சூடு, உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்ததுபோல். திரும்ப அதே இடத்தில் வைத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது தொழிற்சாலைப் பழக்கம்.

வெளியே வந்து சமையலறைப் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். லோகா மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள், தூங்குகிறவனுக்குத் தொந்தரவு. காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்று தாழ்ப்பாளும் போட்டேன். கதவுக்கடியில் வெளிச்சம் போகும், பகலில் தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் ஷிப்ட் பார்த்தவன்தான். ஒரு சாக்கை மடித்து இடைவெளியை அடைத்தேன். சாக்கு ஈரமாக இருந்தது.

ஏன் ஈரம் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன்.

நாங்கள் மூவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளம்பினோம். நிச்சயப் புடவைக்கு ரவிக்கை வாங்க வேண்டும், மாலைக்குச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் பின்சந்துப் பக்கம் போய் க்ரில்லைப் பூட்டினேன். கிள்ளானில் க்ரில்லைப் பூட்டாமல் யார் வீட்டை விட்டுப் போகிறார்கள்? உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டுவோம். அவனுக்கென்று ஒரு சாவி அறைக்குள் பின்கதவுப் பக்கம் ஆணியில் தொங்கும். அன்றைக்கு அது என் சட்டைப்பையில் இருந்தது. எண்ணெய் டின்னை வைக்கப் போனபோது எடுத்திருக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லோகா ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். நான் கடைப் பெண்ணிடம், "ரெண்டையும் சேர்த்து அரைச்சு துவையலாக் குடுத்துருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாழை இலைச் சாப்பாடு. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் இருந்த சாவி தொப்பையில் குத்தியது. எனக்கு மனசு என்னவோ செய்தது. நான் கல்நெஞ்சுக்காரன் அல்ல. அவனை எழுப்பிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். 'மச்சான், அந்தத் துணிய எடுத்து க்ரில் வழியா வெளிய போடு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நேரமும் இருந்தது.

திரையில் குடும்பக் குழு திறந்திருந்தது. வரிசையாக என் முகம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக நான்கைந்து.

கைப்பேசியைச் சட்டைப்பையில் சாவியோடு போட்டுக்கொண்டேன். இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.

பின்வீட்டுச் சீன ஆன்ட்டி கூப்பிட்டபோது நாங்கள் மாலைக் கடையில் இருந்தோம். ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகரவே இல்லை. லோகா வழி முழுக்க அவன் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். வீட்டை அடைந்தபோது தீயணைப்புக்காரர்கள் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். லோகா பின்சந்துக்கு ஓடினாள், தாமரை அவள் பின்னால். நான் முன்வாசல் வழியாகச் சமையலறைக்குப் போனேன்.

கதவு அந்தப் பக்கம் கரியாகியிருந்தது, இந்தப் பக்கம் நின்றிருந்தது. சாக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது. பலகைமேல் புகை படிந்திருந்தது. விரலால் இழுத்துப் பார்த்தேன். கீழே மரம் அப்படியே இருந்தது.

கேட்டீர்களே, ஏன் ஈரம் என்று. கதவைச் சாத்தியது, தாழ்ப்பாள் போட்டது, சாக்கை நனைத்தது எதுவும் அவன் தூக்கத்துக்காக இல்லை. நெருப்பு இந்தப் பக்கம் வரக் கூடாது.

ஆன்ட்டி சொன்னார்கள், அவன் க்ரில்லைப் பிடித்து உலுக்கினானாம். ஆட்கள் இரும்புக்கம்பி கொண்டுவந்து நெம்புவதற்குள் புகை இழுத்துக்கொண்டுவிட்டது. அக்கா என்று கத்தவில்லையாம். "மாமா, மாமா, சாவி" என்று கத்தினானாம். கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் எந்தப் பொருள் காணவில்லை என்றாலும் அவன் என்னிடம்தான் கேட்பான்.

சாவு வீட்டில் ஒரு வேடிக்கை. பலகையில் தண்ணீர் பட்டிருந்தது, உடனே காயவைக்காவிட்டால் பட்டைகளின் ஒட்டு விட்டுவிடும். நான் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துவிட்டு அழுதார்கள். "கடைசியா அவன் கைபட்ட மரம், பாவம் மனுசன் விடமாட்டேங்கிறாரு" என்றார்கள். லோகா வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நாள்தான் என் தலையில் அவளும் கை வைத்தாள், அவள் தலையில் நானும் கை வைத்தேன்.

கருமாதி முடிந்ததும் அவளிடம் சொன்னேன். மறைக்கிற வழக்கம் எனக்கில்லை. "லோகா, சிகரெட் இல்ல. நான்தான் அவனக் கொன்னேன்."

"உங்களால சும்மாவே இருக்க முடியாதா? இதுலயுமா வெளையாட்டு?" என்றாள். பிறகு அழுதுகொண்டே லேசாகச் சிரித்தாள். "அவன் இருந்திருந்தா இதுக்கும் கைதட்டியிருப்பான்."

அதற்குமேல் சொல்லவில்லை. ஒரு தடவைதான் சொல்வேன் என்றேனே. ஆனால் நேற்று மனசு கேட்கவில்லை. குடும்பக் குழுவில் எழுதினேன். 'கமலநாதனைக் கொன்றது நான். சாவி என்னிடம் இருந்தது.' முற்றுப்புள்ளி எல்லாம் வைத்துத்தான் எழுதினேன். அப்புறம் பெட்டாலிங் ஜெயா தங்கை ஒன்று அனுப்பினாள். பாவம், கை தானாகப் போயிருக்கும். என் முகம்தான். வாய் பிளந்து, கண் பிதுங்கி.

அதனால்தான் இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், படிக்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, நான் சொல்வதை நிஜம் என்று எடுத்துக்கொண்டதில்லை. அது தப்பில்லையா? நீங்களே சொல்லுங்கள்.

என்ன? கைப்பேசியா? தாராளமாகப் பாருங்கள். குழு இதுதான். கொஞ்சம் மேலே தள்ளினால் அந்தச் சனிக்கிழமை வரும். ஆமாம், இந்த ஸ்டிக்கர்களைத்தான் இலைக்கு முன்னால் பார்த்தேன். அனுப்பியது தாமரை, அவள் அம்மா, தங்கை, இன்னும் யாரோ. இல்லை, அவன் அனுப்பவில்லை. அவனுடையது அதற்கு மேலே இருக்கிறது. படுக்கப் போகும் முன் எழுதியிருக்கிறான். நான் அப்போது அவ்வளவு மேலே போகவில்லை, பிறகுதான் படித்தேன். சத்தமாகப் படிக்க வேண்டுமா? சரி.

'மாமாவோட மேடை பழையபடி ஆயிருச்சு. அன்னைக்கு மாமா நடிக்கல. நெசமாவே கோவப்பட்டாரு. தயவுசெஞ்சு இனிமே யாரும் அந்த ஸ்டிக்கர் போடாதீங்க, நான் டெலிட் பண்ணிட்டேன்.'

அதற்குக் கீழேதான் எல்லோரும் சிரித்து என் முகத்தைப் போட்டிருக்கிறார்கள்.

ஆமாம். அவன் நிஜம் என்று எடுத்துக்கொண்டான். அவன் ஒருத்தன் எடுத்துக்கொண்டான். அதையும் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சூடான குவாலியை மரத்தின் மேல் வைத்தவன், அதையும் பக்கத்தில் எழுதுங்கள். துணி சூடாக இருந்தது தெரிந்துதான் திரும்ப வைத்தேன். சாவியைத் தெரிந்துதான் எடுத்தேன். தாமரைக்கு மாமன் மாலை யார் போடுவார்கள் என்று லோகா இப்போதெல்லாம் கேட்பதில்லை. மற்றபடி எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் கிடையாது. யார்மேலும் கிடையாது. நான் கோபப்படுகிற ஆள் அல்ல, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இன்ஸ்பெக்டர், அந்த டீ கிளாஸ். இது மெராந்தி மேசை, வார்னிஷ் போய்விட்டது, ஆனால் மரம் நல்ல மரம். கிளாசுக்குக் கீழே ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டேன். நான் ஒரு தடவைதான் சொல்வேன்.